விமானம் என்ன செய்தது, என் கை என்ன செய்தது

ராணுவ ஜெட் சோதனை விமானியாக இருந்த காலத்தில், ஒரு ஜெட் தரையிறங்கும்போது எப்படி நடந்துகொள்கிறது என்பதற்கு நான் 3 போட்டேன். அன்று மதியமே அதே விமானத்தில் அதே சோதனையைச் செய்துவிட்டு வந்த என் சக விமானி 5 போட்டார். இருவருக்கும் ஏறத்தாழ ஒரே அனுபவம், ஒரே பயிற்சி, காற்றும் பெரிதாக மாறவில்லை. எனக்குச் சுருக்கென்றது. நான் சிரமமே இல்லாமல் இறக்கிய விமானத்தை இவர் ஏன் இப்படிச் சொல்கிறார், ஒருவேளை உடம்பு சரியில்லையோ என்றுதான் முதலில் நினைத்தேன்.

இந்த எண்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மீதிக் கதை புரியாது. ஜார்ஜ் கூப்பர், ராபர்ட் ஹார்ப்பர் என்ற இருவர் 1969ல் வெளியிட்ட அளவுகோல் இது. 1 முதல் 10 வரை போகும், பரீட்சை மதிப்பெண்ணுக்குத் தலைகீழ்: 1 என்றால் அருமை, 10 என்றால் விமானம் கையை விட்டுப் போய்விட்டது என்று அர்த்தம். மனதில் தோன்றிய எண்ணைப் போட முடியாது. கேள்விகளாக ஏறி வர வேண்டும். விமானத்தைக் கட்டுப்படுத்த முடிந்ததா? தாங்கக்கூடிய உழைப்பில் வேலை போதுமான அளவுக்காவது நடந்ததா? இப்போது இருப்பதே போதுமா, திருத்தம் வேண்டுமா? கடைசிக் கேள்விக்கு 'இதுவே போதும்' என்றால் 1, 2, 3ல் ஒன்று. 'திருத்த வேண்டும்' என்றால் 4, 5, 6ல் ஒன்று. ஆக, 3க்கும் 5க்கும் நடுவே இருப்பது இரண்டு மதிப்பெண் வித்தியாசம் இல்லை, ஒரு சுவர். இந்தப் பக்கம் நின்றால் விமானம் இப்படியே படைக்குப் போகும். அந்தப் பக்கம் நின்றால், விமானியின் கை அசைவை விமானத்துக்குக் கொண்டுபோகும் மென்பொருளைத் திறந்து மறுபடி எழுத வேண்டும், மாதக்கணக்கில் தாமதம், பணம், மேலிடத்தில் பதில் சொல்லும் வேலை எல்லாம் வரும்.

சாயங்காலம் எங்கள் சோதனைப் பொறியாளர் இரண்டு பறப்புகளின் பதிவையும் ஒரே திரையில் போட்டார். வயதில் எங்கள் எல்லோரையும்விட இளைய பெண், பேச்சு குறைவு. விமானம் கீழே வந்த பாதை இரண்டிலும் கோடு போட்ட மாதிரி இருந்தது, இருவருமே ஓடுதளத்தில் குறித்திருந்த பெட்டிக்குள்தான் சக்கரத்தை வைத்திருந்தோம். அப்புறம் அவர் ஸ்டிக்கின், அதாவது விமானி கையில் பிடித்து ஓட்டும் தடியின், அசைவைக் காட்டும் கோட்டைக் கொண்டுவந்தார். என் சக விமானியின் கோடு ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்கியது. என் கோடு? அதைவிட மோசம். கடைசி 200 அடி உயரத்தில் என் கை விநாடிக்கு இரண்டு மூன்று தடவை முன்னும் பின்னும் போயிருக்கிறது. ஒவ்வொரு அசைவும் சிறியதுதான், ஆனால் ஒரு நொடிகூட ஓயவில்லை.

"சார், இது நீங்கள்தான்," என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்கு அது நினைவிலேயே இல்லை. என்னைப் பொறுத்தவரை அன்று நான் கையை அசைக்கவே இல்லை. பதினைந்து வருடப் பழக்கத்தில் என் கை அந்த விமானத்தின் குறையை எனக்குத் தெரியாமலே சரிசெய்துகொண்டு, எனக்கு 'எல்லாம் நன்றாக இருக்கிறது' என்று சேதி அனுப்பியிருக்கிறது. என் சக விமானி தன் கையைக் கவனித்தார். நான் விமானத்தை மட்டும் கவனித்தேன். அவர் போட்ட 5தான் சரி.

ராணுவ ஜெட் சோதனை விமானியின் வாழ்க்கையைப் பற்றி யார் கேட்டாலும் நான் இந்த நாளிலிருந்துதான் தொடங்குவேன். பயமாக இருக்குமா, எவ்வளவு வேகம், எத்தனை தடவை விமானத்திலிருந்து குதித்தீர்கள் என்றுதான் பெரும்பாலும் கேட்கிறார்கள். அவையும் நியாயமான கேள்விகள்தான். ஆனால் எனக்கு இந்த வேலையின் மையம் வேறு இடத்தில் இருக்கிறது: விமானம் என்ன செய்தது என்பதையும் நான் என்ன செய்தேன் என்பதையும் பிரித்துச் சொல்லத் தெரிய வேண்டும். கேட்க எளிது. செய்ய எனக்குப் பல வருடம் ஆனது.

ஏன் கடினம் என்றால், அதுவரை நாம் கற்றது அத்தனையும் இதற்கு நேர் எதிர். ஸ்குவாட்ரனில், அதாவது போர் விமானப் பிரிவில், நல்ல விமானி என்று யாரைச் சொல்வார்கள்? எந்த விமானத்தைக் கொடுத்தாலும் வளைத்துப்போட்டு ஓட்டுபவரை. அந்த விமானம் இடப்பக்கம் இழுக்கிறதா, சரி, கொஞ்சம் வலப்பக்கம் பிடித்துக்கொள்வோம், இதைப் போய் ஏன் பெரிதுபண்ண வேண்டும் என்று போய்க்கொண்டே இருப்பவரை. போருக்கு அந்தக் குணம் தேவை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் சோதனைக்கு வரும்போது அதே குணம் குறைகளை மூடிவைக்கும் போர்வை ஆகிவிடுகிறது. நாம் எவ்வளவு திறமையாக ஓட்டுகிறோமோ அவ்வளவுக்கு விமானத்தின் குறை மறைந்துபோகும்.

சோதனை விமானிப் பள்ளிக்குள் நுழைவதற்கே சில ஆயிரம் மணி நேரமாவது பறந்திருக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அவ்வளவு தேவையில்லை. நாட்டுக்கு நாடு விதி மாறும். மணிக்கணக்கைவிட, எத்தனை விதமான வேலை செய்திருக்கிறோம், கணிதமும் இயற்பியலும் எவ்வளவு தெரியும், எழுத வருமா என்பதைத்தான் துருவிப் பார்ப்பார்கள். உலகில் இப்படிப்பட்ட பள்ளிகள் விரல்விட்டு எண்ணக்கூடியவைதான். முதலாவது, இங்கிலாந்தில் பாஸ்கம் டௌனில் 1943ல் தொடங்கியது. போர் நடுவில், புது விமானங்களில் சோதனை விமானிகள் அடுத்தடுத்து இறந்துகொண்டிருந்த காலத்தில், இதைத் துணிச்சலை நம்பி நடத்த முடியாது, பாடமாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று வந்த பள்ளி அது. அமெரிக்காவில் எட்வர்ட்ஸ் தளத்தில் விமானப்படைக்கும், பேடக்சன்ட் ரிவரில் கடற்படைக்கும் இருக்கின்றன. பிரான்சில் இஸ்த்ரில் ஒன்று, இந்தியாவில் பெங்களூரில் ஒன்று. படிப்பு ஏறத்தாழ ஒரு வருடம்.

அந்த ஒரு வருடம் எப்படிப் போகும் என்றால், காலையில் பறப்பு, பகலில் வகுப்பு, இரவு முழுக்க அறிக்கை. வகுப்பில் வகைக்கெழுச் சமன்பாடுகள் ஓடும். பத்து வருடத்துக்கு முன் கல்லூரியில் விட்ட கணக்கு, திடீரென்று கரும்பலகையில் வந்து நிற்கும். தூங்காமல் படித்தேன். எனக்கு இது வராது என்று இரண்டு தடவை மனம் உடைந்திருக்கிறேன். பறப்பில் யாரும் பின்தங்கியதாக நான் பார்த்ததில்லை, தடுமாறியவர்கள் எல்லோரும் கணக்கிலும் எழுத்திலும்தான் தடுமாறினார்கள். இந்தப் பாதையை நினைத்துக்கொண்டிருக்கும் இளைஞர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன்: இப்போதிருந்தே கணக்கைக் கைவிடாதீர்கள்.

என் முதல் அறிக்கையில் "விமானம் திரும்பும்போது நன்றாக இருந்தது" என்று ஒரு வரி எழுதியிருந்தேன். பயிற்சியாளர் 'நன்றாக' என்ற சொல்லைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, ஓரத்தில் மூன்று கேள்விகள் எழுதித் திருப்பிக் கொடுத்தார். என்ன வேகத்தில்? எதைச் செய்ய முயன்றபோது? உன் கை எவ்வளவு வேலை செய்தது? அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். அதன் பிறகு எந்த விமானத்தைப் பற்றியும் 'நன்றாக', 'மோசமாக', 'கொஞ்சம் கனமாக' என்ற சொற்களை அப்படியே விட்டதில்லை, பின்னாலேயே ஓர் எண்ணும் ஒரு சூழ்நிலையும் வரும்.

பள்ளியில் என்னை உலுக்கிய பாடம் ஒன்று உண்டு. குணத்தை மாற்றிக்கொள்ளக்கூடிய விமானங்கள் இருக்கின்றன. கணினி மூலம் அதை மந்தமான விமானம்போலவோ துள்ளுகிற விமானம்போலவோ நடந்துகொள்ள வைக்கலாம், பக்கத்திலோ பின்னாலோ ஒரு பாதுகாப்பு விமானி இருப்பார், நிலைமை மிஞ்சினால் ஒரு பொத்தானில் விமானத்தைத் தன் கைக்கு எடுத்துக்கொள்வார். ஒரு நாள் முன்னால் போகும் விமானத்தின் பின்னால் ஒட்டிக்கொண்டு, என் எதிரே இருந்த குறிபார்க்கும் கண்ணாடியில் உள்ள புள்ளியை அதன் வால்மீது வைத்திருக்க வேண்டும். முதல் தடவை சுலபமாக வந்தது. "இப்போது மறுபடி செய்," என்றார் பயிற்சியாளர். அவர் என்ன மாற்றினார் என்று எனக்குச் சொல்லவில்லை. புள்ளி கொஞ்சம் மேலே போனது, ஸ்டிக்கைத் தள்ளினேன். ஒன்றும் நடக்கவில்லை, இன்னும் கொஞ்சம் தள்ளினேன். அப்போது மூக்கு ஒரேயடியாகக் கீழே போனது. இழுத்தேன். அதுவும் உடனே வரவில்லை, அதிகம் இழுத்தேன். நான்காவது ஆட்டத்தில் என் தலைக்கவசம் மேலே இடித்தது, நான் இழுக்கும்போது விமானம் இறங்குகிறது, தள்ளும்போது ஏறுகிறது, விமானத்துக்கும் எனக்கும் சண்டை. பற்களைக் கடித்துக்கொண்டு இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

"கையை விடு," என்றது காதில் குரல்.

விட்டேன். ஒன்றரை ஆட்டத்தில் விமானம் தானாக அடங்கி நேராக நின்றது.

அவர் மாற்றியது ஒன்றே ஒன்றுதான். என் கைக்கும், மூக்கை ஏற்றி இறக்கும் வால் தகட்டுக்கும் நடுவே விநாடியில் கால் பங்கு அளவுக்குத் தாமதம் சேர்த்திருந்தார், அவ்வளவுதான். இந்த ஊசலாட்டத்தை நாங்கள் பி.ஐ.ஓ. (பைலட் இன்ட்யூஸ்டு ஆசிலேஷன்) என்போம். விமானியும் விமானமும் சேர்ந்து உண்டாக்குவது, இரண்டில் ஒன்று கையை எடுத்தாலும் நின்றுவிடும். ஆனால் தரைக்கு 40 அடி உயரத்தில் கையை எடு என்று உடம்புக்கு யார் சொல்வது?

40 அடி என்று சும்மா சொல்லவில்லை. 1992 ஏப்ரல் 25 அன்று எட்வர்ட்ஸ் தளத்தில் ஒய்.எஃப்-22 என்ற அமெரிக்கப் போர் விமான முன்மாதிரி ஓடுதளத்தை ஒட்டிப் பறந்து மேலே ஏறப் போகும் நேரத்தில், ஏறத்தாழ அந்த உயரத்தில்தான் இப்படி ஆடத் தொடங்கியது. சில ஆட்டங்களில் வயிற்றால் தரையில் விழுந்து ஓடுதளத்தில் சறுக்கிக்கொண்டே போய்த் தீப்பிடித்தது. அதை ஓட்டிய டாம் மார்கன்ஃபெல்ட் நீண்ட அனுபவம் உள்ள சோதனை விமானி, உயிர் தப்பினார். அதற்கு முன் 1989 பிப்ரவரியில் சுவீடனின் கிரிப்பன் போர் விமானத்தின் முதல் முன்மாதிரி, தரையிறங்கும்போது இதே மாதிரி ஆடி விழுந்தது. அதை ஓட்டிய லார்ஸ் ரோடஸ்ட்ரோம் முழங்கை எலும்பு முறிவோடு வெளியே வந்தார். 1993 ஆகஸ்டில் ஸ்டாக்ஹோமில் மக்கள் கூட்டத்துக்கு மேலே சாகசம் காட்டியபோது அதே விமானி, அதே வகை விமானம், மறுபடி அதே வியாதி. குதித்துத் தப்பினார்.

இன்னொன்று, 1974 ஜனவரி 20. எஃப்-16 போர் விமானத்தின் முன்மாதிரியான ஒய்.எஃப்-16 அன்று பறக்கவே கூடாது, ஓடுதளத்தில் வேகமாக ஓட்டிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். விமானம் இடமும் வலமுமாகச் சாய்ந்து ஆடத் தொடங்கி, சக்கரம் தரையை விட்டு எழுந்து, ஓடுதளத்தை விட்டு விலகிப் போனது. அதை ஓட்டிய ஃபில் ஓஸ்ட்ரிச்சர், தரையில் வைத்து அடக்க முயன்றால் உடைந்துவிடும் என்று கண்டு, விசையைக் கூட்டி மேலே எழுப்பிக்கொண்டு போய், ஆறு நிமிடம் பறந்து பத்திரமாக இறக்கினார். அதிகாரபூர்வமான முதல் பறப்பு பிப்ரவரி 2 என்றுதான் குறிக்கப்பட்டிருக்கிறது.

இவற்றையெல்லாம் படித்துவிட்டு 'விமானி தவறு' என்று முடிப்பவர்கள்மீது எனக்குக் கோபம் வரும். கை ஆடியது உண்மைதான். ஆனால் எந்தக் கையாக இருந்தாலும் ஆடும்படி அந்த விமானங்களின் கட்டுப்பாட்டு அமைப்பு இருந்தது. தகடு திரும்பும் வேகத்துக்கு ஓர் எல்லை உண்டு, விமானி அதைவிட வேகமாகக் கேட்டால் தகடு பின்தங்கும், பின்தங்கினால் தாமதம், தாமதம் வந்தால் நான் மேலே சொன்ன சண்டை. அந்தக் குணம் அமைதியான பறப்பில் எட்டிக்கூடப் பார்க்காது. கை இறுகும் நொடியில்தான் வெளியே வரும். அதனால்தான் நாங்கள் கை இறுகும்படியான வேலைகளை வேண்டுமென்றே வைத்துக்கொள்கிறோம். ஓடுதளத்துக்குப் பக்கவாட்டில் தள்ளி இறங்கி வந்து, 200 அடியில் சட்டென்று நடுக்கோட்டுக்கு வெட்டித் திருப்பி, ஒரு சின்னப் பெட்டிக்குள் சக்கரத்தை வைக்கச் சொல்வார்கள். நான் 3 போட்ட சோதனை அதுதான். அதைச் செய்தும் எனக்குக் குறை தெரியவில்லை என்றால், அந்தச் சோதனையில் நான் பாதிதான் செய்தேன் என்று அர்த்தம்.

அந்த நாளுக்குப் பிறகு மூன்று பழக்கங்கள் வந்தன. ஸ்டிக்கை விரல் நுனியால் பிடித்து ஒரு தடவை, வழக்கம்போல ஒரு தடவை, கடுமையாகத் துரத்திப் பிடிக்கும் எண்ணத்தோடு ஒரு தடவை என்று ஒவ்வொரு வேலையையும் திரும்பச் செய்ய ஆரம்பித்தேன். எண்ணைக் கீழே வந்தபின் போடாமல், வேலை முடிந்த அடுத்த நிமிடமே மேலே இருக்கும்போது வாயால் சொல்லிப் பதிவு செய்தேன், ஏனென்றால் சக்கரம் தரையைத் தொட்டதும் மனம் எல்லாவற்றையும் மன்னித்துவிடும். அப்புறம், இரண்டு விமானிகளின் எண்கள் வேறுபட்டால் சராசரி எடுக்கவே கூடாது என்று சண்டை போட ஆரம்பித்தேன். எங்கள் 3ஐயும் 5ஐயும் கூட்டி 4 என்று எழுதியிருந்தால், எங்கள் இருவருக்குமே நடக்காத ஒன்றை எழுதியதாக இருக்கும். இருவருக்கும் நடுவே என்ன வேறுபட்டது என்று தோண்டினால்தான் விமானம் வெளியே வரும்.

பேச்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். சோதனைப் பறப்பில் நாங்கள் வாய் ஓயாமல் பேசுவோம், ஒலிநாடா ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு தடவை, விமானத்தை வேண்டுமென்றே சுழலில் (கட்டுப்பாடிழந்து சுற்றிக்கொண்டே விழும் நிலையில்) விட்டு மீட்கும் சோதனைகளின்போது, கீழே வந்து என் குரலைக் கேட்டேன். சுழலுக்குள் போகும்வரை வேகம், உயரம், மூக்கின் நிலை என்று வரிசையாகச் சொல்கிறேன். அப்புறம் சொற்கள் குறைகின்றன. அப்புறம் மூச்சு மட்டும். 14 விநாடி. மறுபடி குரல் வரும்போது "மீண்டுவிட்டேன், எல்லாம் சாதாரணம்" என்கிறேன். என் நினைவில் அந்த 14 விநாடி இல்லவே இல்லை, நான் தொடர்ந்து பேசிக்கொண்டிருந்ததாகத்தான் சத்தியம் செய்திருப்பேன். அந்த மௌனத்தையே ஒரு தரவாக அறிக்கையில் எழுதினோம்: இந்த இடத்தில் விமானிக்குப் பேசக்கூட மிச்சம் எதுவும் இல்லை. உங்கள் வேலை எதுவாக இருந்தாலும், கடினமான நேரத்தில் உங்கள் குரலை ஒரு தடவை பதிவு செய்து கேட்டுப் பாருங்கள்.

இந்த வேலையில் ஒரு நாள் எப்படி இருக்கும் என்று கேட்பவர்கள் ஏமாந்துபோவார்கள். ஒரு மணி நேரப் பறப்புக்குப் பின்னால் வாரக்கணக்கில் கூட்டங்கள். தொடையில் கட்டிக்கொள்ளும் அட்டையில் ஒவ்வொரு சோதனைப் புள்ளியும் அதன் எல்லையும் எழுதியிருக்கும், எந்த எண்ணைத் தாண்டினால் நிறுத்த வேண்டும் என்பதும் தரையிலேயே முடிவாகியிருக்கும். மேலே போய் யோசித்து முடிவெடுப்பது வீரம் இல்லை, அது தயாரிப்பில் விட்ட ஓட்டை. அட்டையில் இல்லாததைச் செய்யக் கூடாது. இந்த விதியை நான் பிறருக்கு நிறையச் சொல்லியிருக்கிறேன், ஒரு நாள் நானே அதன் விளிம்பில் போய் நின்றேன்.

ஃப்ளட்டர் சோதனை. ஒரு வேகத்துக்கு மேலே இறக்கை வளைவதும் முறுக்கிக்கொள்வதும் ஒன்றுக்கொன்று தூபம் போட்டுக்கொள்ளும், காற்றிலிருந்தே சக்தியை உறிஞ்சி ஆட்டம் பெருகும், சில நொடிகளில் இறக்கை கிழிந்துபோகலாம். கண்ணுக்கோ கைக்கோ முன்கூட்டியே தெரிய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, அதுதான் இதில் பயங்கரம். அதனால் வேகத்தைச் சிறுசிறு படியாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் ஸ்டிக்கை உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டுவோம். இறக்கை அதிரும். அந்த அதிர்வு எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்று தரையில், விமானத்திலிருந்து வரும் அளவீடுகளைக் காட்டும் டெலிமெட்ரி திரையில் பொறியாளர்கள் அளப்பார்கள். மணியைத் தட்டி நாதம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கேட்பது மாதிரிதான். நாதம் நீள நீள ஆபத்து நெருங்குகிறது.

அன்று இறக்கையின் அடியில் புதிதாகத் தொங்கவிட்ட சுமைகளோடு போயிருந்தேன். வேகத்தைப் பத்துப் பத்து நாட்டாக (நாட் என்பது விமான வேகத்தின் அலகு) ஏற்றிக்கொண்டு வந்தோம். விமானம் கையில் கல் மாதிரி உறுதியாக இருந்தது. அட்டையில் இன்னும் ஒரு புள்ளி பாக்கி, எரிபொருள் இருக்கிறது, வானம் தெளிவு, அதைத் தள்ளிப்போட்டால் இன்னொரு நாள், இன்னொரு பறப்பு, ஏற்கெனவே பின்தங்கிய திட்டம். தரையிலிருந்து "அப்படியே இருங்கள், பார்த்துக்கொண்டிருக்கிறோம்" என்றார்கள். கொஞ்ச நேரம் பொறுத்தேன். அப்புறம் கேட்டேன், "இங்கே எல்லாம் சாதாரணமாக இருக்கிறது. அடுத்த புள்ளிக்குப் போகலாம்தானே?"

என் ஸ்டிக் கோட்டைக் காட்டிய அந்த இளம் பொறியாளர்தான் அன்று அந்தத் திரையில் இருந்தார். இரண்டு விநாடி சத்தமில்லை. "வேண்டாம் சார். நிறுத்துகிறோம். வேகத்தைக் குறையுங்கள்."

குறைத்தேன். இறங்கி வரும் வழியெல்லாம் எரிச்சல், அதை மறைக்க மாட்டேன். மறுநாள் காலை அவர் கணக்கைக் காட்டினார். அதிர்வு அடங்கும் வேகம் கடைசி இரண்டு படிகளில் மளமளவென்று சரிந்திருந்தது, கோட்டை நீட்டிப் போட்டால் அடுத்த புள்ளிக்குச் சற்று முன்னாலேயே பூஜ்யத்தைத் தொடுகிறது. நான் போயிருக்க வேண்டிய புள்ளி.

அதைவிட என்னை அதிகம் வாட்டியது ஒலிநாடா. "போகலாம்தானே?" அந்தத் 'தானே'யில் என்ன இருக்கிறது என்று மறுபடி மறுபடி கேட்டேன். என் பதவி இருக்கிறது, என் வயது இருக்கிறது, என் அவசரம் இருக்கிறது. மேலே உயிரைப் பணயம் வைத்து உட்கார்ந்திருப்பவர் அப்படிக் கேட்டால் மறுக்க எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! அந்த இரண்டு விநாடி மௌனத்தில் அவர் சுமந்ததை நான் பிறகுதான் புரிந்துகொண்டேன். நேரில் போய் நன்றி சொன்னேன். அதற்கப்புறம் ஒரு நாளும் அப்படிக் கேட்டதில்லை. "நிறுத்துவதற்கு என்ன காரணம் இருக்கிறது, சொல்லுங்கள்" என்றுதான் கேட்பேன். அப்படிக் கேட்டால் மறுப்பவருக்கு வழி திறந்திருக்கும். குழுவை நடத்துகிற எவரும் இதை நாளைக்கே செய்து பார்க்கலாம். சின்னவர்கள் 'வேண்டாம்' என்று சொல்வதற்கு நம் கேள்வியிலேயே இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

கருவிகளும் பொய் சொல்ல வைக்கும் என்பதற்கு மைக்கேல் ஆடம்ஸ் நினைவுக்கு வருவார். 1967 நவம்பர் 15, எக்ஸ்-15 ராக்கெட் விமானத்தில் 2,66,000 அடி உயரத்துக்குப் போனவர். அவர் எதிரே இருந்த கருவியில் ஒரே முள், ஒரு பொத்தானின் நிலையைப் பொறுத்து இரண்டு வேறு விஷயங்களைக் காட்டும். உருளும் கோணத்தைக் காட்டிக்கொண்டிருந்த முள்ளை அவர் பக்கவாட்டுச் சறுக்கல் என்று எடுத்துக்கொண்டு திருத்தியிருக்கிறார் என்று விசாரணை சொன்னது. மின்கோளாறு ஒன்றும் அவர் கவனத்தைப் பிடுங்கிக்கொண்டிருந்தது. விமானம் ஒலியைப் போல ஐந்து மடங்கு வேகத்தில் சுழலுக்குள் போய், கடைசியில் உடைந்து சிதறியது. அவர் கை சரியான வேலையைத்தான் செய்தது, தவறான எண்ணுக்கு. புது காக்பிட்டில் உட்காரும் ஒவ்வொரு தடவையும் நான் முதலில் தேடுவது இரண்டு அர்த்தமுள்ள முட்களையும் விளக்குகளையும்தான். அதை அறிக்கையில் எழுதும்போது 'பழகினால் சரியாகிவிடும்' என்று யாராவது சொல்வார்கள். பழகிய கைதான் ஏமாறும் என்று திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும்.

குடும்பத்தைப் பற்றி நீட்டி எழுத எனக்கு வரவில்லை. ஒன்று மட்டும்: வீட்டில் ஒரு கோப்பு இருந்தது, காப்பீடு, வங்கி, யாரைக் கூப்பிட வேண்டும் என்று எல்லாம் அதில். வருடத்துக்கு ஒரு தடவை நானும் மனைவியும் உட்கார்ந்து அதைப் புதுப்பிப்போம், பேசாமல் செய்து முடித்துவிட்டு எழுந்துபோவோம். "இன்னைக்கு அட்டையில இருந்தது மட்டும்தானே செஞ்சீங்க?" என்று அவர் கேட்பார். வேறு எதுவும் கேட்டதில்லை. ஆபத்தான வேலையில் இருப்பவர்கள் அந்தக் கோப்பைத் தள்ளிப்போடாதீர்கள், அது அபசகுனம் இல்லை. உடம்பைப் பொறுத்தவரை, கழுத்தும் கீழ்முதுகும் காதும்தான் முதலில் போகும். இளமையிலேயே கழுத்துக்குப் பயிற்சி செய்யுங்கள்.

அறிக்கைக்கு வருகிறேன், ஏனென்றால் அந்தத் தரையிறங்கும் விவகாரம் அங்கேதான் முடிந்தது. நான் என் 3ஐத் திரும்பப் பெற முடியாது, ஒரு தடவை போட்ட எண் போட்டதுதான். அதை அப்படியே விட்டு, கீழே என் ஸ்டிக் அசைவுகளின் படத்தைப் போட்டு, "விமானி இதை உணரவில்லை" என்று எழுதினேன். குறையைப் படைக்குப் போவதற்கு முன் திருத்தியே ஆக வேண்டும் என்ற வகையில் சேர்த்தோம். கூட்டத்தில் ஒரு மூத்தவர், "நீங்களே 3 போட்டிருக்கிறீர்களே, அப்புறம் என்ன?" என்றார். நான் சொன்னேன், இதை இறக்கப்போவது நான் இல்லை. இருபத்துமூன்று வயதுப் பையன், மழை பெய்யும் ராத்திரி, எரிபொருள் குறைவு, அதற்கு முன் இரண்டு தடவை இறங்க முடியாமல் மேலே ஏறியிருப்பான். அவன் கை எப்படி ஆடும் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் ஒரு பிரச்சினையும் இல்லாத வெயில் பகலில் என் கையே இப்படி ஆடியிருக்கிறது. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. திருத்தத்துக்கு ஒப்புதல் வந்தது, ஆனால் அதற்கு இன்னும் நான்கு கூட்டங்கள் தேவைப்பட்டன, என் பதவி உயர்வுப் பேச்சும் அந்த வருடம் அடங்கிப்போனது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று நான் யாரையும் கேட்டதில்லை.

பல வருடம் கழித்து, ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால், அந்த விமானத்தை ஓட்டும் ஒரு ஸ்குவாட்ரனுக்குப் போயிருந்தேன். ராத்திரிப் பறப்பு முடிந்து ஒரு இளம் விமானி உள்ளே வந்தார், மழையில் நனைந்த பூட்ஸ். இறங்கும்போது எப்படி இருந்தது தம்பி என்று கேட்டேன். அவருக்குக் கேள்வியே புரியவில்லை. "இறங்குறதுல என்ன சார் இருக்கு? வந்தேன், இறக்கினேன்," என்றவர், சட்டென்று முகம் மலர்ந்து, "ஆனா அந்த இருக்கைப் பட்டை பூட்டு இருக்கே சார், கையுறை ஈரமானா திறக்கவே மாட்டேங்குது, யார்கிட்ட சொல்றதுன்னே தெரியல" என்றார்.

நான் பையிலிருந்து நோட்டை எடுத்தேன். எந்தக் கை, எந்தக் கையுறை, எத்தனை தடவை முயன்றபின் திறந்தது என்று கேட்டு எழுதிக்கொண்டேன்.